துயருற்றோர்க்குத் துயருற்றோரே துணை



பொன்விழா மலர் என்றால் அதில் இன்னின்னவை இடம்பெற வேண்டும் என்று ஒரு மரபு உண்டு. கோவில் எழும்பிய வரலாறு, பணிபுரிந்த குருக்களின் வரிசை, பள்ளிக்கூடத்தின் வளர்ச்சி, பக்த சபைகளின் அறிக்கை, நன்கொடையாளர்களின் பெயர்ப் பட்டியல் ஆகிய யாவும் இம்மலரின் பிற பக்கங்களில் உள்ளன. ஆனால் பங்கு இல்லத்து அலமாரியில் ஞானஸ்நானப் பதிவேட்டுக்கும் திருமணப் பதிவேட்டுக்கும் அருகில் இன்னொரு புத்தகமும் இருக்கிறது. அது மரணப் பதிவேடு. விழா மலர் தயாரிப்பவர்கள் அதைப் புரட்டிப் பார்ப்பது வழக்கமில்லை. ஒவ்வொரு வரியிலும் இறந்தவர் ஒருவரின் பெயர், வயது, அடக்கம் செய்யப்பட்ட நாள் எழுதப்பட்டிருக்கும். அவரைக் கல்லறையில் வைத்துவிட்டு வீடு திரும்பிய மனைவியும் மகனும் தாயும் பிறகு என்ன ஆனார்கள் என்பதற்கு அதில் இடம் இல்லை.

மரித்தோர்க்குச் செய்ய வேண்டிய கடமையில் நம் மக்கள் குறை வைப்பதில்லை. அடக்கத் திருப்பலி, முப்பதாம் நாள் பூசை, ஆண்டு நினைவுப் பூசை, நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள் என்று ஒன்று விடாமல் நிறைவேற்றுகிறார்கள். முதல் சில நாட்கள் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அண்டை வீட்டுச் சோறு வந்து சேரும். முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தியும் முடிந்தால் உறவினர் அவரவர் ஊருக்குப் பேருந்து ஏறுவர். அதன் பிறகுதான் அந்த வீட்டில் உண்மையான துக்கம் தொடங்குகிறது. அதுவரை வரிசையாக வந்தவர்களுள் ஒருவரையும் அப்போது காண்பதற்கில்லை.

அந்த முப்பத்தொன்றாம் நாளுக்கு மருந்து என்ன என்பதைக் கடந்த நூற்றாண்டில் சில நாடுகளில் சிலர் தேடினர். அவர்கள் கண்ட விடை மிக எளியது. துக்கப்பட்டவருக்குக் கை கொடுக்க ஏற்கெனவே துக்கப்பட்டவரே மிகவும் பொருத்தமானவர். பலர் ஒன்றாக அமர்ந்தால் தனி ஒருவரால் தாங்க முடியாததைத் தாங்கலாம். “தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்” என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்ததும் இதுவே. அந்தத் தேடலின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம். இது பெரும்பாலும் அயல்நாட்டில் நடந்த வரலாறு. ஆயினும் நம் பங்கு அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம் என்பதால் எழுதுகிறேன்.

பழைய வழிகள்

மறைநூலில் யோபுவின் மூன்று நண்பர்களை நாம் அறிவோம். பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து நின்ற யோபுவைக் காண வந்த அவர்கள், ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாட்களும் அவர்கள் செய்தது சரியே. எட்டாம் நாள் வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் யோபுவின் துன்பம் இரட்டித்தது.

திருத்தூதர் பணிகள் 9-ஆம் அதிகாரத்தில் யோப்பா நகரத்து வீடு ஒன்றைக் காண்கிறோம். தொற்கா என்னும் நல்ல பெண் இறந்து கிடக்கிறாள். கைம்பெண்கள் எல்லாரும் கூடி நின்று அழுதபடி, அவள் உயிரோடிருந்தபோது தைத்துக் கொடுத்த உடைகளைப் பேதுருவுக்கு எடுத்துக் காட்டுகிறார்கள். இறந்தவரின் கைவேலையைக் கையில் எடுத்து, அதைக் காட்டிப் பேசி, ஒன்றாக அழுவது! இன்றைய துயராற்றுக் குழுக்களில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் 60 வயதுக்குக் குறையாத கைம்பெண்களைப் பட்டியலில் சேர்ப்பது பற்றிக் கூறுகிறது. துன்புற்றோருக்கு உதவியவர்களாய் அவர்கள் இருக்க வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் தகுதிகளில் ஒன்று. ஆக, தொடக்கத் திருச்சபையில் கைம்பெண்கள் உதவி பெறுபவர்களாக மட்டும் இருக்கவில்லை. உதவி செய்பவர்களாகவும் இருந்தனர்.

பிற்காலத்தில் துறவற மடங்கள் பெருகியபோது கைம்பெண்களின் அந்த அணி மங்கி மறைந்தது. அதன்பின் எழுந்த பக்த சபைகள் பெரும்பாலும் நோயாளிகளையும் மரிப்போரையும் மரித்தோரையும் நோக்கியே இருந்தன. 1244-ஆம் ஆண்டில் தொடங்கியதாகத் தன் வரலாற்றைக் கூறும் புளோரன்ஸ் நகரத்து இரக்கச் சபை நோயாளிகளைச் சுமந்து சென்றது, இறந்தோரை அடக்கம் செய்தது. 1648-இல் இயேசு சபையார் உரோமையில் நிறுவிய நல்மரண சபை நல்ல சாவுக்கு மக்களை ஆயத்தப்படுத்தியது. இவை போற்றத்தக்க பணிகளே. ஆனால் எஞ்சி நிற்பவரின் துக்கத்துக்கென்று தனியாக ஏற்பாடு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

நம் தமிழ் மண்ணில் அக்குறையை ஓரளவு தீர்த்தவர்கள் ஒப்பாரி வைத்த பெண்கள். அவர்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். இழவு வீட்டுக்கு வந்தவள் அந்த வீட்டுச் சாவுக்காக மட்டும் அழுவதில்லை. தான் முன்பு பறிகொடுத்த தாயையும் பிள்ளையையும் நினைத்தும் அழுவாள். நாகரிகம் என்ற பெயரில் இன்று அந்த வட்டம் கலைந்துவிட்டது. அதன் இடத்தில் வாடகை நாற்காலிகள் வரிசையாகப் போடப்படுகின்றன.

பாஸ்டன் நகரத்துத் தீ

துயராற்றுப் பணியைப் புதிய முறையில் ஆராயும்படி செய்த நிகழ்ச்சி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1942 நவம்பர் 28, சனிக்கிழமை இரவு நடந்தது. அந்நகரில் ‘தென்னந்தோப்பு’ என்று பொருள்படும் பெயருடைய இரவு விடுதி ஒன்று இருந்தது. செயற்கைத் தென்னை மரங்களாலும் துணிகளாலும் அலங்கரிக்கப்பட்டது அது. 460 பேருக்கு அனுமதி பெற்றிருந்த அவ்விடத்தில் அன்று ஏறத்தாழ ஆயிரம் பேர் நெருங்கியிருந்தனர். அன்று பிற்பகலில் இயேசு சபையாரின் இரு கல்லூரிகளுக்கிடையே கால்பந்துப் போட்டி நடந்தது. வெல்லும் என்று எல்லாரும் நம்பியிருந்த பாஸ்டன் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரியிடம் 55-க்கு 12 என்ற கணக்கில் தோற்றது. வெற்றி விழாவுக்காக அந்த விடுதிக்குச் செல்லவிருந்த கல்லூரிக் குழுவினர் அதைக் கைவிட்டனர். தோல்வியே அவர்களுடைய உயிரைக் காத்தது.

மற்றவர்களுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. தீ பிடித்துச் சில நிமிடங்களுக்குள் விடுதி முழுவதும் பரவியது. முன்வாசலில் இருந்தது சுழல் கதவு. கூட்டம் முண்டியதில் அது இறுகி நின்றுவிட்டது. மற்றக் கதவுகளில் சில பூட்டியிருந்தன. சில உட்பக்கமாகத் திறப்பவை. 492 பேர் மாண்டனர். சுழல் கதவுக்குப் பக்கத்தில் வெளிப்புறம் திறக்கும் கதவு இருக்க வேண்டும் என்ற விதி இவ்விபத்துக்குப் பிறகே வலுப்பெற்றது.

காயமுற்றோர் பலர் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அங்கே எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் பணியாற்றிவந்தார், ஜெர்மனியில் பிறந்தவர். தீக்காயம் ஆறிய பிறகும் சிலர் தேறாமல் இருப்பதை அவர் கண்டார். உடன் வந்த மனைவியையோ கணவனையோ தீயில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் தப்பியவர்கள் அவர்கள். அவர்களையும், வேறு வகையில் உறவினரை இழந்தவர்களையும் சேர்த்து 101 பேரை ஆராய்ந்து, 1944-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். துக்கத்தைப் பற்றி எழுதுவோர் இன்றும் அதைக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

துக்கம் உடலையும் பிடிக்கிறது என்று அவர் காட்டினார். தொண்டை அடைக்கும், பெருமூச்சு ஓயாது, கை கால் சோரும், உண்ணும் சோறு மண்ணாய்த் தோன்றும். இறந்தவரின் உருவம் கண் முன் நிற்கும். ‘நான் இன்னது செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரே’ என்ற குற்ற உணர்வு வாட்டும். ஆறுதல் சொல்ல வருபவர் மீதே காரணமின்றிக் கோபம் வரும். இவை யாவும் பைத்தியத்தின் அறிகுறிகள் அல்ல. துக்கத்தின் இயல்பான முகங்கள் என்று அவர் தெளிவுபடுத்தினார். துக்கத்தை ஒரு வேலையைப் போலச் செய்து முடிக்க வேண்டும், வலிக்கும் என்று அதை ஒதுக்கி வைத்தால் அது உள்ளே தங்கிக் கெடுக்கும் என்பது அவர் கொள்கை. அந்தத் தீயில் மனைவியை இழந்த இளைஞர் ஒருவர், அவளைக் காப்பாற்றத் தவறினேன் என்ற எண்ணத்திலிருந்து மீளாமல், மருத்துவமனையின் மூடிய சன்னலை உடைத்துக்கொண்டு குதித்து மாண்டதை அவர் பதிவு செய்திருக்கிறார்.

குருக்களாகிய எங்களுக்கு அக்கட்டுரையில் உறைக்கும் பகுதி ஒன்று உண்டு. துயருற்றோரைக் கவனிப்பதில் சமய நிறுவனங்களே முன்னின்றன என்று லிண்டமன் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது என்கிறார். இழப்பின் வேதனையை ஏற்று, இறந்தவரோடு தமக்கிருந்த உறவை நினைத்துப் பார்த்து, புதிய வாழ்க்கை முறையைக் கற்றுக்கொள்ள அவருக்கு உடன் இருந்து உதவ வேண்டும் என்கிறார். யோபுவின் நண்பர்களிடம் நாம் கண்டதும் இதுவன்றோ?

கைம்பெண்ணுக்குக் கைம்பெண்

லிண்டமன் மருத்துவர். துயருற்றவரை எட்டுப் பத்து முறை சந்தித்தால் வழி காட்டிவிடலாம் என்று அவர் கருதினார். ஆனால் ஊரில் சாவு நேரும் வீடுகள் அத்தனைக்கும் மருத்துவர் போக முடியுமா? இக்கேள்விக்கு அதே பாஸ்டன் நகரில் விடை கண்டவர் பிலிஸ் சில்வர்மன் என்ற பெண்மணி. லிண்டமனோடு சேர்ந்து பணியாற்றிய ஜெரால்டு கேப்லன் என்ற மருத்துவர், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சமூக மனநல ஆய்வகம் ஒன்றை நடத்திவந்தார். துயருற்றோருக்கு என்ன செய்யலாம் என்று ஆராயும் பொறுப்பை 1964-இல் அவர் சில்வர்மனிடம் ஒப்படைத்தார்.

சில்வர்மன் முதலில் கைம்பெண்களையே கேட்டார்: “உங்களுக்கு உண்மையில் உதவியது யார்?” மருத்துவர், குரு, நண்பர் ஆகியோரின் உதவி ஓரளவோடு நின்றுவிட்டது. மற்றொரு கைம்பெண்ணே தங்களுக்கு மிகவும் பயன்பட்டாள் என்று அவர்கள் கூறினர். இதை அடிப்படையாகக் கொண்டு 1967-இல் பாஸ்டனின் டார்செஸ்டர் பகுதியில் ‘கைம்பெண்ணுக்குக் கைம்பெண்’ என்ற திட்டம் தொடங்கியது.

அதன் நடைமுறை எளியது. மனநலப் படிப்பு ஏதும் இல்லாத ஐந்து கைம்பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தங்கள் துக்கத்தைக் கடந்து ஓரளவு நிமிர்ந்து நின்றவர்கள் அவர்கள். அதுவே அவர்களுடைய தகுதி. அந்த வட்டாரத்தில் புதிதாகக் கணவனை இழந்த, 60 வயதுக்கு உட்பட்ட பெண்களின் பெயர்கள் மரணப் பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டன. அடக்கம் முடிந்து சில வாரங்கள் சென்றபின், அந்த ஐவரில் ஒருவர் கடிதம் எழுதுவார்: ‘நானும் உம்மைப் போலக் கணவரை இழந்தவள், இன்ன நாளில் உம்மைப் பார்க்க வருகிறேன், வர வேண்டாம் என்றால் தெரிவியும்.’ குறித்த நாளில் வீட்டுக்குப் போவார்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, துயருற்றவர் தேடி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. துக்கத்தில் இருப்பவருக்கு உதவி கேட்கும் தெம்பும் இருப்பதில்லை. ஆகவே உதவி வாசல் தேடிப் போயிற்று. இரண்டாவது, போன பெண் உபதேசம் செய்யவில்லை. இரவில் எப்படித் தூங்குவது, ஓய்வூதியத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது, பிள்ளைகளிடம் அப்பாவைப் பற்றி என்ன சொல்வது, கணவர் பார்த்துக்கொண்ட வரவு செலவை எப்படிக் கையாள்வது என்பனவே பேச்சு. ‘இவளும் இந்த வழியாக வந்தவள்தான், இதோ உயிரோடு, முகம் தெளிந்து, என் முன் உட்கார்ந்திருக்கிறாள்’ என்று காண்பதே பாதி மருந்து. பின்னர் இப்பெண்கள் குழுவாகவும் கூடினர். சிலர், தாம் தேறியபின், வேறு பெண்களுக்குத் துணையாயினர். 1973-இல் அமெரிக்காவின் ஓய்வுபெற்றோர் சங்கம் இம்முறையைப் பின்பற்றித் துணையை இழந்தோர்க்கான பணி ஒன்றைத் தொடங்கி, பல ஊர்களுக்கும் பரப்பியது.

இங்கிலாந்தில்

பாஸ்டன் திட்டத்துக்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1959-இல், இங்கிலாந்தின் ரிச்மண்டு ஊரில் மார்கரெட் டாரி என்ற சமூகப் பணியாளர் கைம்பெண்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். ‘குருஸ்’ என்பது அதன் பெயர். அதன் பொருள் எண்ணெய்க் கலயம். பஞ்ச காலத்தில் எலியா இறைவாக்கினருக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த சாரிபாத்துக் கைம்பெண்ணின் கலயம் அது. எடுக்க எடுக்கக் குறையாத அந்த எண்ணெயின் பெயரால், தன்னிடம் இருப்பது கொஞ்சமே என்றாலும் பகிர்ந்தால் வற்றாது என்ற நம்பிக்கையோடு அச்சங்கம் நடந்தது. முதலில் கைம்பெண்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் மட்டுமே இருந்த அது, பின்னர் மனைவியை இழந்த ஆண்களுக்கும், அதன்பின் துயருற்ற யாவருக்கும் கதவைத் திறந்தது.

1966 அக்டோபர் 21-இல் வேல்ஸ் நாட்டின் ஆபர்ஃபான் கிராமத்தில், நிலக்கரிச் சுரங்கக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. மாண்ட 144 பேரில் 116 பேர் குழந்தைகள். மறு ஆண்டு அவ்வூர் இளம் தாய்மார் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து வாரந்தோறும் கூடத் தொடங்கினர். பாட்டும் பேச்சும் சிறு பயணங்களுமாக அது பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

1968 மே மாதத்தில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர மருத்துவமனையில் சில நாள் இடைவெளியில் இரு சிறுவர்கள் மாண்டனர். ஒருவன் சாலை விபத்தில் அடிபட்டவன், மற்றவன் புற்றுநோயாளி. அங்கே ஆன்ம குருவாகப் பணிபுரிந்த சைமன் ஸ்டீபன்ஸ் என்ற ஆங்கிலிக்கன் சபை இளங்குரு இரு குடும்பங்களையும் ஒன்றையொன்று அறியச் செய்தார். இரு தம்பதியரும் ஒரு வீட்டில் தேநீர் அருந்தியபடி தங்கள் மகன்களைப் பற்றி மனம் விட்டுப் பேசினர். தம்மால் கொடுக்க முடியாத ஆறுதலை அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதை அக்குரு கண்டார். 1969 ஜனவரி 28-இல், பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கான ‘பரிவுள்ள நண்பர்கள்’ அமைப்பு அந்நகரில் பிறந்தது. 1972-இல் அமெரிக்காவில் வேர் விட்டு, பின்னர் பல நாடுகளில் பரவியது. ஆண்டுதோறும் டிசம்பர் இரண்டாம் ஞாயிறு மாலை 7 மணிக்கு, உலகெங்கும் பெற்றோர் இறந்த பிள்ளைகளை நினைத்து மெழுகுதிரி ஏற்றும் வழக்கம் இவ்வமைப்பினர் 1997-இல் தொடங்கியது.

இந்த வரலாற்றில் அக்குருவின் பங்கு சிறியது போலத் தோன்றும். இரு குடும்பங்களை இணைத்துவிட்டு ஒதுங்கி நின்றார், அவ்வளவே. ஆனால் அந்த ஒதுங்கி நிற்றல் குருக்களுக்கு எளிதில் வருவதன்று என்பது எங்களுக்குத் தெரியும்.

குழு எப்படிக் கூடுகிறது?

இத்தகைய குழுக்கள் இன்று பல நாடுகளில் பங்கு மண்டபங்களிலும் மருத்துவமனைகளிலும் கூடுகின்றன. எட்டு, பத்துப் பேர் வட்டமாக அமர்வார்கள். வாரம் ஒரு முறையோ மாதம் ஒரு முறையோ, ஒன்றரை மணி நேரம் அல்லது இரண்டு மணி நேரம். பேச விரும்பாதவர் பேச வேண்டியதில்லை. உட்கார்ந்து கேட்டாலே போதும். அங்கே சொன்னது அங்கேயே நிற்க வேண்டும், வெளியே போகக்கூடாது. அறிவுரை கூறக்கூடாது. ‘உங்களுக்காவது இன்னொரு பிள்ளை இருக்கிறதே’ என்பது போன்ற ஒப்பீடு கூடவே கூடாது. இறந்தவரைப் பெயர் சொல்லிப் பேச வேண்டும். வெளியே எல்லாரும் அந்தப் பெயரைத் தவிர்த்துவிடுவதால், அதைக் கேட்கவே சிலர் குழுவுக்கு வருகிறார்கள்.

துணையை இழந்தவர், பிள்ளையை இழந்தவர், தற்கொலையில் உறவை இழந்தவர் எனத் தனித்தனிக் குழுக்கள் அமைப்பதும் உண்டு. கடைசியாகச் சொன்னவர்களின் பாரம் இரட்டைப் பாரம். இழப்போடு ஊராரின் ஏச்சையும் அவர்கள் சுமக்கிறார்கள். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபையின் அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. சட்டம் மாறிய பிறகும் ஊர் வாய் மாறவில்லை என்பதை நாம் அறிவோம்.

எல்லாருக்கும் குழு தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் குடும்பத்தார், நண்பர்களின் அன்பிலேயே மெல்ல மெல்லத் தேறுகிறார்கள். கட்டாயப்படுத்திக் குழுவில் உட்கார வைப்பது நன்மையன்று. மறுபுறம், குழு மட்டும் போதாதவர்களும் சிலர் உண்டு. ஆறு மாதத்துக்கு மேலாகியும் துக்கம் சற்றும் தணியாமல் அன்றாட வாழ்வையே முடக்கினால் அதை நோயாகக் கருதி மருத்துவம் செய்ய வேண்டும் என்பதை, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஏற்றுக்கொண்டுள்ளது. அவரவர் சமயமும் பண்பாடும் வகுத்த துக்க கால வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதுவே கூறுகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவோரையோ நாள் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

மறப்பதா, நினைப்பதா?

இந்த வரலாற்றில் நம் விசுவாசத்தைத் தொடும் திருப்பம் ஒன்றும் உண்டு. 1917-இல் ஃபிராய்டு துக்கத்தைப் பற்றி எழுதியபோது, இறந்தவர் மீது வைத்த பற்றை மனம் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்றார். அதன்பின் வந்தோர் பலர் அவ்வழியே சென்றனர். இறந்தவரோடு பேசுவது, அவர் பொருளைப் பேணுவது முதலியவற்றைத் தேறாமையின் அடையாளமாகக் கண்டனர். ஆனால் கைம்பெண்களோடும் பெற்றோரை இழந்த பிள்ளைகளோடும் பல ஆண்டு பழகிய சில்வர்மன், வேறு இருவரோடு சேர்ந்து 1996-இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை மறுத்தார். துயருற்றோர் இறந்தவரை விட்டுவிடுவதில்லை. அவரோடு உள்ள உறவை வேறு வடிவில் தொடர்கிறார்கள். அது நோயன்று, நலமே என்று அந்நூல் எடுத்துக்காட்டியது.

புனிதர்களின் சமூக உறவை விசுவசிக்கிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நமக்கு இது புதிதன்று. கல்லறைத் திருநாளில் பூவும் மெழுகுதிரியும் கொண்டு போய் மண்ணோடு பேசிவரும் நம் மூதாட்டி, அந்த உறவைக் கைவிடாதவள். அவளுக்கு இல்லாதது, நவம்பர் 2-ஆம் நாள் போக மற்ற நாட்களில் அவரைப் பற்றிப் பேச ஒரு வட்டம்.

நம் கரையில்

இவை நமக்கு வெகு தொலைவில் நடந்தவை என்று எண்ண வேண்டாம். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் மாண்டனர். அவர்களுடைய பெற்றோர் அந்த நாள் வரும்போதெல்லாம் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். வழக்கு நடந்த பத்தாண்டும் ஒருவரையொருவர் தாங்கி நின்றார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினம் கடற்கரை முழுவதும் ஆழிப்பேரலை வந்து போனது. அம்மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குழந்தைகளை எல்லாம் இழந்த தாய்மார் பலர் முன்பே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அவர்கள் மீண்டும் கருத்தரிக்க அறுவை சிகிச்சை செய்ய அரசு முன்வந்தது. பெங்களூரு தேசிய மனநல நிறுவனத்தார் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினர். படகும் வலையும் கொடுத்தால் போதாது, மனத்தையும் கவனிக்க வேண்டும் என்பதை அப்போதுதான் நம்மில் பலர் கண்கூடாகக் கண்டோம்.

பிறகு வந்தன 2020-உம் 2021-உம். கொள்ளை நோய்க் கட்டுப்பாட்டில் அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்றனர். முகம் பாராமல், கட்டி அழ முடியாமல், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கவும் இயலாமல் எத்தனை குடும்பங்கள் தங்கள் உறவைப் புதைத்தன! துக்கம் கேட்க வர வேண்டியவர்களும் வரவில்லை. அந்த அழுகை இன்னும் பல வீடுகளில் மீதியாகத்தான் இருக்கிறது.

பொன்விழாவில் ஒரு வேண்டுகோள்

வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1969-இல் புதுப்பிக்கப்பட்ட அடக்கச் சடங்கு நூலின் முன்னுரை, அடக்கத்தில் யார் யாருக்குப் பங்கு உண்டு என்று வரிசைப்படுத்துகிறது. பெற்றோரும் உறவினரும் முதலில்; அடக்கப் பணி செய்வோர் அடுத்து; கிறிஸ்தவச் சமூகம் முழுவதும் அதன்பின்; குரு கடைசியில். ஆறுதல் அளிக்கும் பணியைச் சாமியாரிடம் விட்டுவிட்டு இருந்துவிட முடியாது என்பதே அதன் கருத்து.

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் ஒரு சிறு தொடக்கம் செய்வோம். டார்செஸ்டரில் சில்வர்மன் மரணப் பதிவுகளிலிருந்து பெயர்களைத் தேடி எடுத்தார். நம்மிடமோ அந்தப் பதிவேடு அலமாரியிலேயே இருக்கிறது. ஒவ்வோர் அடக்கத்துக்கும் பிறகு, முப்பதாம் நாள் கழிந்த வாரத்தில், அதே போன்ற இழப்பைக் கண்ட ஒருவர் அந்த வீட்டுக்குப் போகட்டும். கணவனை இழந்தவளிடம் கணவனை இழந்தவள். மனைவியை இழந்தவரிடம் மனைவியை இழந்தவர். பிள்ளையைப் புதைத்தவரிடம் பிள்ளையைப் புதைத்தவர். வீடு சந்திப்பதில் பழகிய மரியாயின் சேனையாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் வழி காட்டலாம். அன்பியங்கள் பெயர் தரலாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை பங்கு மண்டபத்தின் சிறிய அறை திறந்திருக்கும். பத்து நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். எந்தச் சமயத்தவரானாலும் வரலாம், ஏனெனில் சாவுக்குச் சாதியும் சமயமும் இல்லை. நான் வாசலில் நின்று வரவேற்பேன். உள்ளே பேச வேண்டியவர்கள் நீங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைம்பெண்ணை மங்கல காரியங்களில் பின்னுக்குத் தள்ளும் வழக்கம், ஞானஸ்நானம் பெற்ற நம்முடைய வீடுகளிலும் முற்றாக ஒழியவில்லை. மகளின் திருமணத்தில் தாய் தூணுக்குப் பின்னால் நிற்கும் காட்சியை ஐம்பது ஆண்டு கண்ட கோவில் இது. தொடக்கத் திருச்சபை தன் கைம்பெண்களைப் பட்டியலிட்டு முன்னே நிறுத்தியது. அவர்களையே துயருற்ற வீடுகளுக்கு அனுப்பும் பங்கில், அவர்களைத் தூணுக்குப் பின்னால் நிறுத்த யாருக்கும் மனம் வராது.

கோபுரத்துக்கு வண்ணம் பூசினோம், மணி புதிதாக்கினோம், கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவரும் எழும்பிவிட்டது. அச்சுவருக்குள் உறங்குவோருக்காக நாம் செபிக்கத் தவறுவதில்லை. வெளியே நின்று அழுவோருக்கு அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் பணியைப் பொன்விழாவின் நினைவாக ஏற்போம். லாசரின் கல்லறையருகே மார்த்தா, மரியா சகோதரிகளோடு கண்ணீர் விட்ட நம் ஆண்டவர், இம்முயற்சிக்கு ஆசி தந்து, துயருற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் நல்ல துணையை அனுப்புவாராக.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை